பனியில் வேட்டைக்காரர்கள்: விளக்கு வைத்த புரூகல் படம் வாங்குமுன்

பனிக்கால ஓவியங்களுக்குப் பின்னால் எல்இடி வைத்து, சுவரில் மாட்டும் படமாக விற்பது இப்போது பரவலாகிவிட்டது. அப்படிச் செய்யும்போது எளிதில் பாழாகிற ஓவியம் ஃபிளெமிஷ் ஓவியர் பீட்டர் புரூகல் 1565-இல் வரைந்த 'பனியில் வேட்டைக்காரர்கள்'. இதில் சூரியன் கிடையாது. வானம் பச்சை கலந்த சாம்பல்; கீழே உறைந்து கிடக்கும் குளங்களுக்கும் அதே நிறம். பனிகூடச் சுத்த வெள்ளை இல்லை. அந்த மங்கல்தான் படத்தின் உயிர். விளக்கைக் கூட்டிப் பளிச்சென்று காட்டினால் குளிர் ஓடிவிடும், கண்கூச்சம்தான் மிஞ்சும்.

கடைகளில் மூன்று வகை கிடைக்கும். மலிவானது, கேன்வாஸில் பின்பக்கமிருந்து துளை போட்டுச் சின்னச் சின்ன பல்புகளைச் செருகியது. உறைந்த குளத்தில் சறுக்கி ஆடுபவர்கள் மேல், கூரைகள் மேல், மரக்கிளை மேல் என்று கண்ட இடத்தில் புள்ளி மின்னும். இடப்பக்கம் விடுதி வாசலில் பன்றியை வாட்ட மூட்டிய தீக்கு ஒரு பல்பு வைத்தால் நியாயம் உண்டு, மற்றவை அத்தனையும் தொல்லை. பகலில் துளைகளும் தெரியும். இதை வாங்கவே வேண்டாம்.

அடுத்தது, துணியில் அச்சிட்டு, பின்னால் வரிசையாக எல்இடி பதித்த பெட்டி. ஒரு மீட்டருக்கு மேல் பெரிய படம் வேண்டுமென்றால் இதுதான் சரி. ஆனால் விளக்குக்கும் விளக்குக்கும் உள்ள இடைவெளியைவிடப் பெட்டியின் ஆழம் குறைந்தால், வானத்தில் வட்ட வட்டமாக வெளிச்சத் திட்டு விழும். வேறு படத்தில் அது மறைந்துபோகலாம். இந்தச் சமமான வானத்தில் மறையவே மறையாது.

வீட்டுக்கு ஏற்றது மூன்றாவது வகை: ஓரங்களில் எல்இடி ஸ்ட்ரிப், நடுவில் ஒளியைப் பரப்பும் அக்ரிலிக் தகடு, அதன்மேல் அச்சிட்ட ஃபிலிம். சட்டம் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் கனம்தான் இருக்கும். ஸ்ட்ரிப் மேல், கீழ் இரண்டு நீளப் பக்கங்களிலும் ஓட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் எதிர்ப்பக்கம் இருண்டுவிடும்.

அளவில் பலர் ஏமாறுகிறார்கள். வியன்னா கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள மூல ஓவியம் ஓக் பலகையில் வரைந்தது, அகலம் 162, உயரம் 117 செ.மீ. அதே விகிதத்துக்கு 90 × 65 செ.மீ. பொருந்தும். 90 × 60 சட்டத்தில் அடைத்தால் மேலோ கீழோ வெட்டியாக வேண்டும். மேலே வானமோ, கீழே பனித்தரையோ குறைந்துவிடும். வாங்குமுன் இடது மேல் மூலையைப் பாருங்கள். விடுதியின் பெயர்ப்பலகை ஒரே கொக்கியில் சாய்ந்து தொங்க வேண்டும். கடைசி வேட்டைக்காரனின் முதுகில் தொங்கும் ஒற்றை நரியும், வலது கீழே பனி உறைந்த ஆலைச் சக்கரமும் தெளிவாகத் தெரிய வேண்டும். இவை குழம்பியிருந்தால் சின்ன ஃபைலை இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். 90 செ.மீ. அகலத்துக்கு 150 டிபிஐ (அங்குலத்துக்கு 150 புள்ளி) என்றால் சுமார் 5,300 பிக்சல் தேவை. உயர்தரப் படம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்போது இதற்குச் சாக்குச் சொல்ல இடமில்லை.

அச்சு, பின்னொளிக்கென்று உள்ள ஃபிலிமில், வழக்கத்தைவிட அடர்த்தியாக மை ஏற்றியதாக இருக்க வேண்டும். சாதாரண அச்சு விளக்கைப் போட்டதும் வெளுத்துப்போகும். மை விழாத இடத்தில் தெரிவது விளக்குதான். ஆகவே பனிக்கும் ஐந்தாறு சதவீதமாவது மை இருக்க வேண்டும். செய்து தருபவரிடம் இதைச் சொல்லியே கொடுங்கள்.

விளக்கின் ஒளி நிறம் 4000 கெல்வின்; நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதன் அளவான சிஆர்ஐ 90-க்கு மேல். 6500 கெல்வினில் வானமும் பனிக்கட்டியும் நீலமாகிவிடும்; 2700-இல் பனி மஞ்சளாகும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் கட்டாயம். குறைந்த வெளிச்சத்தில் வைத்து, ஃபோன் கேமராவை ஸ்லோ மோஷனில் காட்டுங்கள். திரையில் பட்டை பட்டையாகக் கோடு ஓடினால் டிம்மர் மட்டம். மீட்டருக்கு 12 வாட் ஸ்ட்ரிப் 90 செ.மீ. படத்தின் இரண்டு பக்கமும் ஓடினால் 22 வாட் அளவு வரும். 30 வாட் அடாப்டர் போட்டால் சூடாகாமல் உழைக்கும்.

5 மி.மீ. அக்ரிலிக் தகடு மட்டுமே 90 × 65 அளவில் மூன்றரை கிலோ. ஒற்றை ஆணியை நம்பாமல், இரண்டு இடத்தில் சுவரில் துளை போட்டு, ஸ்க்ரூவைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக் வைத்து ஸ்க்ரூ முடுக்குங்கள். வயர் வரும் துளையை அடைக்காவிட்டால் வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகள் உள்ளே போய், வானத்தில் கரும்புள்ளியாக நிற்கும். முன்பக்கத் தகடு பளபளப்பில்லாத மேட் ஆக இருந்தால் எதிரே உள்ள ஜன்னல் அதில் தெரியாது.

ஓவியத்துக்கு வயதாகாது, ஸ்ட்ரிப்புக்கு வயதாகும். சட்டத்தை ஸ்க்ரூ கழற்றி ஸ்ட்ரிப்பை மாற்ற முடியுமா என்று கேட்டு, கடையிலேயே ஒருமுறை திறந்து காட்டச் சொல்லுங்கள். பசை போட்டு மூடியதென்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.