வீட்டு எர்த்திங்: பைப்பா, பிளேட்டா, கெமிக்கலா?

தமிழ்நாட்டில் புது வீட்டுக்கு எர்த் குழி தோண்டும் கட்டம் வந்ததும், கரியும் உப்பும் இட்ட ஜி.ஐ. பைப், மண்ணில் புதைக்கும் பிளேட், கடையில் கிடைக்கும் கெமிக்கல் எர்த்திங் ஆகிய மூன்றில் எது சிறந்தது என்ற விவாதம் எழுகிறது.

எர்த்திங்குக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 3043, பைப்புக்குக் குறைந்தது 38 மி.மீ. உள்விட்டமும் 2.5 மீட்டர் நீளமும், பிளேட்டுக்கு 60 செ.மீ. சதுர அளவும் கேட்கிறது. மண்ணின் மின்தடை எண் 100 ஓம்-மீட்டர் என்று வைத்து அவ்விதியின் சூத்திரங்களில் கணக்கிட்டால், பைப் ஏறத்தாழ 35 ஓம் தடையும் பிளேட் ஏறத்தாழ 52 ஓம் தடையும் தருகின்றன; தடை குறைவாக இருப்பதே நல்லது. பெரிய குழியும் அதிக உலோகமும் கேட்கும் பிளேட்டை வீட்டுக்குப் பரிந்துரைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. பைப்பின் விட்டத்தை இரட்டித்தால் தடை 31 ஓமாகத்தான் குறைகிறது. நீளத்தை 5 மீட்டராக்கினால் 20 ஓமுக்கு இறங்குகிறது. எனவே தடிமனான பைப்பைவிட ஆழமாக இறங்கும் பைப்புக்கே பணம் தரலாம்.

உப்பு தொடக்கத்தில் தடையைக் குறைத்தாலும், மழைநீரில் கரைந்துபோவதோடு ஜி.ஐ. பைப்பையும் அரிக்கிறது. கெமிக்கல் வகையில் இடப்படும் பென்டோனைட் களிமண் ஈரத்தை நெடுநாள் பிடித்துவைக்கும் என்பது உண்மையான நன்மை. ஆனால் முற்றிலும் வறண்ட மண்ணில் அது சுருங்கிப் பைப்பைவிட்டு விலகக்கூடும் என்பதால், 'பராமரிப்பே தேவையில்லை' என்ற விளம்பரத்தை அப்படியே ஏற்க முடியாது.

இந்த மூன்றுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைவிடப் பெரியது, ஆர்.சி.சி.பி. (மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு. வீட்டின் எர்த் 35 ஓம், டிரான்ஸ்ஃபார்மரின் எர்த் 1 ஓம் என்றால், கிரைண்டரின் உடலில் ஃபேஸ் பட்டதும் எர்த் வழியே ஓடுவது சுமார் 6.4 ஆம்பியர் மட்டுமே. அளவுக்கு மீறிய மின்சாரம் ஓடினால் மட்டுமே இணைப்பைத் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு விழாது (டிரிப் ஆகாது), கிரைண்டரின் உடலில் 220 வோல்ட்டுக்கு மேல் நின்றுகொண்டே இருக்கும். குழிக்குச் செலவிட்டு 5 ஓமுக்குக் கொண்டுவந்தாலும் ஓடுவது 38 ஆம்பியர்தான். அதற்கு 32 ஆம்பியர் எம்.சி.பி.யும் உடனே விழாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.க்கோ, உடலில் 50 வோல்ட் ஏறுவதற்குள் விழ, கணக்குப்படி 1,600 ஓம் எர்த்கூடப் போதும்.

அதற்காகக் குழியைக் கைவிட்டுவிட முடியாது. எர்த் இல்லாத வீட்டில், யாராவது தொடும்வரை கசிவு மின்சாரத்துக்குப் பாதையே இல்லை, அதாவது, ஆர்.சி.சி.பி. விழுவதற்கு முன் ஒருவர் அதிர்ச்சி வாங்கியாக வேண்டும். குழி தோண்டாமல் நியூட்ரலையே எர்த் ஒயரில் இணைத்துவிடுவது அதைவிட ஆபத்தானது. சர்வீஸ் லைனில் நியூட்ரல் அறுந்த நொடியில், எர்த் இணைப்புள்ள ஒவ்வொரு சாதனத்தின் உடலிலும் மின்சாரம் ஏறிவிடும்.