புஷ்-அப் எண்ணிக்கை ஏன் நின்றுபோகிறது: ஓராண்டுக்கு மேல் ஓட்டிப் பார்த்தால் தெரிவது

காலையில் எழுந்ததும் கை தளரும் வரை புஷ்-அப் போடுவது, மறுநாள் அதைவிட ஒன்று கூடுதலாகப் போட முயல்வது. பலருடைய பயிற்சித் திட்டம் இவ்வளவுதான். முதல் ஒன்றரை மாதம் எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறும். 8 போட்டவர் 20 போடுவார். பிறகு அது அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தாலும் அதே 20, 22தான். கூடவே தோளின் முன்பக்கத்தில் ஒரு குத்தலும் வந்திருக்கும். உழைப்பில் குறை கிடையாது. தினமும் நடப்பது பயிற்சியே அல்ல, தேர்வு. தேர்வை மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் பாடம் ஏறாது.

முதலில் எண்ணிக்கை எந்த அளவுக்கு உண்மை என்று பார்க்க வேண்டும். நெஞ்சுக்கு நேர்கீழே ஒரு டென்னிஸ் பந்தையோ 6 செ.மீ. உயரமுள்ள வேறு ஏதாவது பொருளையோ வையுங்கள். ஒவ்வொரு முறையும் நெஞ்சு அதைத் தொட வேண்டும், மேலே வரும்போது முழங்கை முழுதாக நீள வேண்டும். இடுப்பு தொங்கினாலோ மேலே 2 விநாடிக்கு மேல் நின்றாலோ கணக்கு முடிந்தது. போனைத் தரையில் பக்கவாட்டில் வைத்து வீடியோ எடுத்தால் சந்தேகமே இருக்காது. இப்படி எண்ணினால் '30 போடுவேன்' என்பவர்களில் நிறையப் பேர் 17, 18-இல் நின்றுவிடுவார்கள். மனசுக்குக் கொஞ்சம் கசக்கும். ஆனால் மேற்கொண்டு போடும் எல்லாக் கணக்கும் இந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது.

கையை வைக்கும் இடம்: தோள் அகலத்தைவிடச் சற்று வெளியே, நெஞ்சுக்கு நேராக. முகத்துக்கு நேராக வைத்தால் பாரம் தோள் மூட்டின் முன்பக்கத்தில் விழும். முழங்கை உடம்பிலிருந்து ஏறக்குறைய 45 டிகிரி விலகினால் போதும். மேலிருந்து பார்த்தால் உடம்பு அம்பு முனை போலத் தெரிய வேண்டும், ஆங்கில 'டி' எழுத்துப் போல அல்ல. புட்டத்தை இறுக்கிக்கொண்டால் இடுப்பு தானாக நேராகும். மேலே வந்ததும் தரையை இன்னும் ஒரு விரற்கடை தள்ளுங்கள். தோள்பட்டை எலும்பை விலாவோடு அணைத்துப் பிடிக்கும் தசைக்கு அப்போதுதான் வேலை கிடைக்கும்.

சாதாரணப் புஷ்-அப்பில் கைகள் தாங்குவது உடல் எடையில் ஏறக்குறைய 64 சதவீதம். 70 கிலோ ஆளுக்கு 45 கிலோ. முழங்காலை ஊன்றினால் 49 சதவீதம். கையை 60 செ.மீ. உயர மேடையில் வைத்தால் 41, அதையே 30 செ.மீ. ஆக்கினால் 55. காலை 60 செ.மீ. உயர்த்தினால் 74. இந்த ஐந்து எண்களைக் கையில் வைத்துக்கொண்டால், எடைத் தட்டு வாங்காமலே படிப்படியாகப் பாரம் ஏற்றலாம். 10 கூட ஒழுங்காக வராதவர்களுக்கு முழங்கால் புஷ்-அப்பைவிட மாடிப்படி நல்லது. முழங்காலில் போடும்போது வயிறும் இடுப்பும் வேலை செய்யக் கற்றுக்கொள்வதில்லை. மாடிப்படியில் உடம்பின் நேர்கோடு அப்படியே இருக்கும். நாலாவது படியில் கை வைத்து 3 செட் (நிறுத்தாமல் ஒரே மூச்சாகப் போடுவது ஒரு செட்), செட்டுக்கு 12 வந்ததும் ஒரு படி கீழே இறங்குங்கள். வாரத்துக்கு 3 நாள் போதும். ஒவ்வொரு முறையும் கடைசியில், தரையில் 5 விநாடி எடுத்து மெதுவாக இறங்கும் 'நெகட்டிவ்' 4 போடுங்கள். இறங்கியதும் முழங்காலை ஊன்றி எழுந்துகொள்ளலாம்.

தரையில் சுத்தமாக 10 வந்துவிட்டால், அங்கிருந்து 25, 30 வரை கொண்டுபோவதில் பயிற்சியாளர் பாவெல் சட்சூலின் பிரபலப்படுத்திய 'கிரீஸ் தி குரூவ்' முறைக்கு ஈடு எதுவும் கிடையாது. உச்ச எண்ணிக்கையில் பாதியை மட்டும், நாளில் பல தடவை போடுவது. 20 உங்கள் உச்சம் என்றால் 10 போட்டு நிறுத்திவிட வேண்டும். ஒரு மணி நேரமாவது கழித்துத்தான் அடுத்தது. வியர்க்கக் கூடாது, மூச்சு வாங்கக் கூடாது. நரம்புகள் தசையை ஒழுங்காக இயக்கப் பழகுவதுதான் இதில் நடக்கிறது. அந்தப் பழக்கம் களைத்த உடம்பில் சரியாகப் படியாது. எல்லோரும் சறுக்குவது இங்கேதான். பாதி என்பது ரொம்பச் சுலபமாக இருக்கிறதே என்று 15, 16 போடத் தொடங்குவார்கள், பத்தாம் நாள் முழங்கையின் உட்பக்கம் வலிக்கும்.

இன்னொரு இடறல் மொத்த அளவு. 10 வீதம் நாளுக்கு 5 தடவை, வாரத்தில் 5 நாள் என்றால் 250. அதுவரை வாரத்துக்கு 80 போட்டவர் திடீரென்று 250-க்குத் தாவினால் தசை தாங்கினாலும் தசைநாண் தாங்காது. முதல் வாரம் நாளுக்கு 2 தடவை, பிறகு வாரத்துக்கு ஒன்று கூட்டி ஐந்துக்கு வாருங்கள். உச்ச எண்ணிக்கையைச் சோதிப்பது மூன்று வாரத்துக்கு ஒருமுறை, சோதனைக்கு முன் 2 நாள் முழு ஓய்வு. ஆபீஸ் போகிறவர்களுக்கு 5 தடவை வாய்க்காது. காலை 2, மாலை 2 என்றாலும் பலன் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாக.

30-க்கு மேல் இந்த முறை மட்டும் போதாது. பாதியென்றாலும் 15, 16 ஆகிவிடுகிறது, நாளில் ஐந்து தடவை என்பது சலித்துவிடும். இப்போது வாரத்தை மூன்று விதமாகப் பிரிக்கலாம். ஒரு நாள் பாரம்: முதுகுப் பையில் 8 முதல் 12 கிலோ (அரிசிப் பாக்கெட் புத்தகத்தைவிட நன்றாக உட்காரும்), 4 செட், செட்டுக்கு 8 முதல் 10 ரெப்ஸ் (ஒருமுறை இறங்கி எழுந்தால் ஒரு ரெப்), இடையில் 2 நிமிடம் ஓய்வு. பையின் வாரை இறுக்கி, எடை தோள்பட்டைகளுக்கு நடுவே நிற்கும்படி பாருங்கள். இடுப்புக்கு இறங்கினால் கீழ்முதுகு வளையும். இன்னொரு நாள் கடிகாரத்தோடு: ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் உச்சத்தின் நாலில் ஒரு பங்கு, 10 நிமிடம். 32 உச்சமென்றால் நிமிடத்துக்கு 8, மொத்தம் 80. பத்து நிமிடமும் வடிவம் கெடாமல் வந்தால் அடுத்த வாரம் ஒன்று கூட்டலாம். மூன்றாம் நாள் நெருக்கக் கை, அகலக் கை, கால் மேடையில் என வகைகள், இனி ஒன்றுகூட முடியாது என்ற நிலைக்கு 2 ரெப்ஸ் முன்பே நிறுத்தி. ஐந்தாவது வாரம் எல்லாவற்றையும் பாதியாக்கிவிடுங்கள். ஓய்வு வாரம் முடிந்ததும் எண்ணிக்கை கூடுவது பலருக்கும் ஆச்சரியம்.

நம் ஊர் தண்டாலைப் பற்றியும் சொல்லிவிடலாம். இடுப்பை உயர்த்தி, நெஞ்சைத் தரையோடு தேய்ப்பதுபோல் முன்னால் கொண்டுபோய் எழும் அந்த முறை தோளுக்கும் முதுகுக்கும் நல்ல அசைவு தரும். வார்ம்-அப்பாக 10 போடுவது அருமை. ஆனால் 100 தண்டால் எடுப்பவர் 100 புஷ்-அப் போடுவார் என்று கிடையாது. பாரம் விழும் கோணமே வேறு. உடற்தகுதித் தேர்வுக்குத் தயாராகிறீர்கள் என்றால் அதில் எது கேட்கிறார்களோ அதைப் பழகுங்கள். கீழ்முதுகு வலி உள்ளவர்கள் அந்தக் கடைசி வளைவைத் தவிர்ப்பது நல்லது.

தள்ளுவதற்கு நிகராக இழுக்காமல் விட்டால் நாளடைவில் தோள் முன்னுக்குக் கூனலாம். பார் கிடைத்தால் புல்-அப். கிடைக்காவிட்டால் உறுதியான மேசைக்கு அடியில் படுத்து விளிம்பைப் பிடித்து இழுக்கும் ரோ, வாரத்துக்கு 40, 50. மணிக்கட்டு வலிக்கு தரையில் வைத்துப் பிடிக்கும் இரும்பாலான புஷ்-அப் பார்தான் தீர்வு. பிளாஸ்டிக்கில் வருபவை சில மாதத்தில் ஆடும், கைப்பிடி ஸ்பாஞ்ச் பிய்ந்துவிடும். மொசைக் தரையில் வழுக்கவும் செய்யும். மூக்கால் போனைத் தொட்டு எண்ணும் ஆப் மட்டும் வேண்டாம். நெஞ்சு இறங்காமல் தலையை மட்டும் குனியப் பழக்கிவிடும்.

சரி, சாப்பாடு. பயிற்சி செய்பவருக்குப் புரோட்டீன் நாளுக்கு உடல் எடையின் கிலோவுக்கு 1.6 கிராம் என்பது நல்ல அளவு. 65 கிலோ ஆளுக்கு 104 கிராம். காலை 4 இட்லி சாம்பார், மதியம் சோறு, சாம்பார், பொரியல், தயிர், இரவு 3 தோசை சட்னி என்று சாப்பிட்டால் மொத்தமே 40, 45 கிராம்தான் தேறும். மீதி 60-ஐ எங்கே தேடுவது? முட்டை 3 என்றால் 18 கிராம். உலர்ந்த கொண்டைக்கடலை 50 கிராமைச் சுண்டலாக்கினால் 10. பால் 250 மி.லி. 8. சோயா மீல் மேக்கர் 50 கிராம் என்றால் 26, அதுவும் மலிவாக. கணக்கு தீர்ந்தது. மீல் மேக்கரைக் கொதிநீரில் ஊறவைத்து இரண்டு தடவை பிழிந்து சமையுங்கள், வாடை போகும். 50 கிராமுக்கு மேல் போனால் வயிறு உப்பும். அசைவம் உண்டென்றால் 150 கிராம் மத்தி மீனோ கோழி நெஞ்சுக்கறியோ ஏறக்குறைய 30 கிராம் தரும். இரவில் மொத்தமாகத் தள்ளாமல் மூன்று நாலு வேளைக்குப் பிரித்துக்கொள்வது வயிற்றுக்கும் சுலபம்.

சோற்றைக் குறைத்தே தீர வேண்டும் என்பது தவறான எண்ணம். சோறு அறவே நின்றால் நிமிடக் கணக்குப் பயிற்சி ஆறாவது நிமிடத்திலேயே தொய்யும். தொப்பை உள்ளவர்களுக்கு மட்டும் விஷயம் வேறு: 5 கிலோ குறைந்தால் கைகளுக்கு 3.2 கிலோ பாரம் குறைகிறது, அதுவே பல ரெப்ஸ். வாரத்துக்கு அரை கிலோ என்ற வேகத்தில் குறைத்தால் பலம் நிற்கும். அவசரப்பட்டுப் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் போகும்.

டப்பாக்களில் விற்கும் சத்துப் பொடிகளில் காசுக்கு உழைப்பது, தசைக்கு உடனடி ஆற்றல் தர உதவும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் ஒன்றுதான். நாளுக்கு 3 முதல் 5 கிராம், எந்த வேளையிலும், ஓய்வு நாளிலும். முதல் வாரம் 20 கிராம் ஏற்றுவது அவசியமில்லை, நாலு வாரத்தில் அதே நிலைக்கு வந்துவிடும். முதல் செட்டில் வித்தியாசம் தெரியாது. மூன்றாவது, நாலாவது செட்டில் ஒன்றிரண்டு ரெப்ஸ் கூடுதலாக நிற்கும். இறைச்சி சாப்பிடாதவர்களுக்குப் பலன் பொதுவாகக் கொஞ்சம் அதிகம், ஏனென்றால் அவர்கள் தசையில் கிரியேட்டின் இருப்பு குறைவு. தசைக்குள் நீர் சேர்வதால் எடை ஒரு கிலோ கூடலாம். இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) அளவும் சற்று உயர்ந்து காட்டலாம், டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடி) மருந்தல்ல, சமைக்க நேரமில்லாதவரின் சாப்பாடு. மேற்சொன்ன கணக்கு உணவிலேயே நிறைந்தால் தேவையில்லை. எடை கூட்ட விற்கும் மாஸ் கெய்னர் பொடி பெரும்பாலும் மாவுச்சத்து. பிசிஏஏ எனும் அமினோ அமிலப் பொடி வீண் செலவு.

நேரக் கெடு உள்ள தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்குக் கடைசியாக வேகக் கணக்கு. சிங்கப்பூரில் தேசிய சேவையாளர்கள் (கட்டாய ராணுவப் பணி போன்றவற்றில் இருப்பவர்கள்) எதிர்கொள்ளும் ஐபிபிடி என்ற உடற்தகுதித் தேர்வில் புஷ்-அப்புக்கு 1 நிமிடம், 100 மதிப்பெண்ணில் 25 அதற்கு. அமெரிக்க ராணுவத்தின் பழைய தேர்வில் 2 நிமிடம் இருந்தது. 1 நிமிடத்தில் 40 இலக்கென்றால் முதல் 30 விநாடியில் 24, அடுத்த 30-இல் 16 என்று பிரியுங்கள். முதல் 20 விநாடியில் 22 அடித்துவிட்டு மேலே கைநீட்டி நிற்பவர்கள்தான் 34-இல் முடிகிறார்கள். இறங்கும்போது மூச்சை இழுத்து எழும்போது விடுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தால் கை தளர்வதற்கு முன்பே தலை கிறுகிறுக்கும். முழுச் சாப்பாடு 3 மணி நேரம் முன்பு, ஒரு வாழைப்பழம் 40 நிமிடம் முன்பு. வழக்கமாகக் காபி குடிப்பவர் ஒரு மணி நேரம் முன்பு ஒரு ஸ்ட்ராங் காபி குடிக்கலாம். பழக்கமில்லாதவர் அன்றைக்கு முதல்முறையாக முயல வேண்டாம். வார்ம்-அப்பில் 5, 5 ஆக இரண்டு செட், பிறகு 3 நிமிடம் சும்மா நில்லுங்கள்.