ஏற்காட்டில் மரத்துக்கு மரம்: பிள்ளைகளோடு போன அனுபவம்

சேலத்துக்கு வந்தால் ஏற்காடு ஏறாமல் நாங்கள் திரும்புவதில்லை. இந்த டிசம்பர் விடுமுறையில் ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் என்ற வழக்கமான சுற்றோடு நிறுத்தாமல், காபித் தோட்டத்துக்குள் மரங்களுக்கிடையே இரும்பு வடம் கட்டி நடக்கவிடும் ஒரு சாகசப் பூங்காவுக்கும் போனோம். நாங்கள் நால்வர், அண்ணன் குடும்பம், வேடிக்கை பார்க்க அம்மா. நாங்கள் வசிப்பது இங்கிலாந்தில், நாட்டிங்ஹாம் பக்கம். அங்கே ஷெர்வுட் பைன்ஸ் காட்டில் கோ ஏப் நிறுவனத்தின் மரக்கயிற்றுப் பாதை இருக்கிறது, பிள்ளைகளுக்கு அது பழகிய இடம். அதனால் நம் ஊரில் இதை எப்படி நடத்துகிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கவனித்தேன். ஊருக்கு வரும் மற்ற குடும்பங்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் பணம். கவுன்டரில் கார்டு மெஷின் வேலை செய்யவில்லை. எல்லாரும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள், எங்களுக்கு அண்ணன்தான் ஜிபேயில் கட்டினார். இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர் உட்படச் சில நாடுகளின் செல்பேசி எண்ணிலேயே என்ஆர்இ, என்ஆர்ஓ என்ற வெளிநாடுவாழ் இந்தியர் வங்கிக் கணக்குகளை யுபிஐயில் இணைக்க 2023 முதல் வழி இருக்கிறது. கிளம்பும் முன்பே உங்கள் வங்கியில் கேட்டு முடித்துவிடுங்கள். இல்லையென்றால் கையில் ரொக்கம் இருக்கட்டும்.

அடுத்து ஒரு படிவம். ஏதாவது நடந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல என்று முழுக்க ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருந்தது. "சும்மா கையெழுத்துதான் மேடம்" என்றார் கவுன்டரில் இருந்தவர். எனக்குப் பக்கத்தில் ஓமலூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, எங்கே கையெழுத்துப் போடுவது என்று மட்டும் கேட்டுப் போட்டுவிட்டுப் போனார். பிள்ளையை உயரத்தில் ஏற்றும் தாய்க்குத் தான் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரியவேண்டாமா? தமிழ்நாட்டில் நடத்தும் இடத்தில் தமிழில் ஒரு பக்கம் அச்சடிப்பது பெரிய செலவில்லை. மேலாளரிடம் இதைச் சொன்னேன், குறித்துக்கொண்டார்.

இனி மேலே ஏற்றிவிடும் பையன்கள். எவ்வளவு பாராட்டினாலும் தகும். இங்கிலாந்தில் தரையில் அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்து, கீழேயே ஒரு சின்னப் பாதையில் பழக்கிவிட்டு, பிறகு நம் பாட்டுக்கு விட்டுவிடுவார்கள். நம்மைப் பாதுகாப்பு வடத்தோடு இணைக்கும் கொக்கியை மேடைக்கு மேடை மாற்றுவது நம் வேலை, அவர்கள் கீழிருந்து பார்ப்பார்கள். இங்கே பிள்ளைகளோடு ஒரு பையன் கூடவே வந்தான். எங்களுக்குக் கிடைத்தவன் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவன். இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் வார்க்கட்டான ஹார்னஸைப் பூட்டியதும் இடுப்பு வாருக்குள் உள்ளங்கையைத் தட்டையாக நுழைத்துப் பார்த்தான். கை புகுந்தது, முஷ்டியாக மடக்கினால் புகவில்லை. "இடுப்பெலும்புக்கு மேல நிக்கணும் அக்கா, கீழ இறங்கினா தலைகீழாப் புரண்டா நழுவிடும்" என்று எனக்கும் சொன்னான். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே சோதனை, அவசரமே இல்லை.

ஆடும் கட்டைப் பாலத்தின் நடுவில் அண்ணன் மகன் நின்றுவிட்டான். கால் நடுங்குகிறது, முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. கீழே அம்மா, "ஏங்கண்ணு, இறங்கி வந்துடு சாமி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அந்தப் பையன் எதிர் மேடையிலிருந்து நிதானமாக நடந்து வந்து அவன் எதிரில் நின்றான். "தம்பி, கீழ பாக்காத, என் மூஞ்சியைப் பாரு. இப்ப நடக்க வேணாம். அப்படியே உக்காரு, கயிறு தாங்கும்." மருமகன் மெல்ல உட்கார்ந்தான். கயிறு இறுகி அவனைத் தாங்கியது. இரண்டு முறை உட்கார்ந்து எழுந்ததும் முகம் தெளிந்துவிட்டது. பிறகு அவனே மீதிப் பாலத்தைக் கடந்தான்.

ஆனால் பதினோரு மணிக்கு மேல் இரண்டு வேன் நிறையக் கூட்டம் வந்து இறங்கியதும் நிலைமை மாறியது. ஒவ்வொருவரின் ஹார்னஸையும் பாதுகாப்பு வடத்தோடு இணைக்க இரண்டு கயிறு, இரண்டு கொக்கி. மேடையில் ஒன்றைக் கழற்றி அடுத்த வடத்தில் மாட்டிப் பூட்டிய பிறகுதான் மற்றதைத் தொடவேண்டும், எந்த நேரத்திலும் ஒன்றாவது வடத்தில் இருக்கவேண்டும் என்பதுதான் இந்த விளையாட்டின் உயிர்நாடி. வரிசை நீண்டதும் வேறொரு ஊழியர் இரண்டையும் சேர்த்துக் கழற்றிச் சேர்த்து மாட்டுவதை என் கணவர் பார்த்தார். மேடை குறுகல், பக்கத்தில் தடுப்பும் இல்லை. உடனே சொன்னோம், அவர் திருத்திக்கொண்டார். ஒரு கொக்கி பூட்டாமல் மற்றது திறக்காதபடி இணைத்த கொக்கிகள் இப்போது வந்துவிட்டன. அவற்றை வாங்கினால், கூட்டம் நெருக்கும்போது ஊழியரின் நினைவை மட்டும் நம்பவேண்டியதில்லை. பாதையில் ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் என்று கவுன்டரிலேயே நிறுத்துவதும் அவசியம்.

ஹெல்மெட் இன்னொரு குறை. பாதிக்குமேல் கட்டட வேலைக்குப் போடுகிறவை. அவற்றின் தாடை வார் ஓரளவு இழுபட்டாலே விட்டுவிடும்படி செய்யப்பட்டது. மலையேற்ற ஹெல்மெட்டின் வார் விழும்போதும் தலையிலேயே இருக்கும்படி உறுதியானது. கேட்டதும் பிள்ளைகளுக்கு நல்லதாகத் தேடிக் கொடுத்தார்கள். ஹார்னஸின் உள்பக்கச் சீட்டில் தயாரித்த ஆண்டு இருக்கும், அதையும் பாருங்கள். துணி வார்களுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகப் பத்தாண்டுக்கு மேல் ஆயுள் தருவதில்லை. மத்திய சுற்றுலா அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட சாகசச் சுற்றுலா வழிகாட்டுதல்களில் உயரக் கயிற்றுப் பாதையும், வடத்தில் தொங்கியபடி சறுக்கிப் போகும் ஜிப்லைனும் வருகின்றன. நடுவில் யாராவது மாட்டிக்கொண்டால் எப்படி இறக்குவீர்கள் என்று கட்டாயம் கேளுங்கள். எங்களிடம் கயிறும் கப்பியும் உள்ள மீட்புப் பையைத் திறந்தே காட்டினார்கள்.

மரங்கள் எல்லாம் காபிக்கு நிழலாக வளர்த்த சில்வர் ஓக், மிளகுக் கொடி ஏறியவை. சில மேடைகளில் வடத்துக்கும் மரத்துக்கும் நடுவே கட்டை வைத்திருந்தார்கள், சிலவற்றில் வடம் நேராகப் பட்டையை அறுத்துக்கொண்டிருந்தது. அப்படியே விட்டால் மரம் பட்டுப்போகும், மரம் போனால் மேடையும் போகும்.

கழிவறை சுத்தம். டீக்கடையில் மிளகாய் பஜ்ஜி நன்றாக இருந்தது. அம்மாக்களுக்கு நிழலில் நாற்காலி போட்டிருந்தார்கள்.

போகிறவர்கள் வார நாளில், திறந்ததுமே போய்விடுங்கள். சனி, ஞாயிறு என்றால் சேலத்திலிருந்து ஏறும் இருபது கொண்டைஊசி வளைவுகளிலும் வண்டி ஊர்ந்துதான் போகும். டிசம்பரில் மதியத்துக்குமேல் மூடுபனி இறங்கினால் கட்டைகள் வழுக்கும். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களைப் பனி இறங்கியதும் பாதியில் இறக்கிவிட்டு, மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததையும் பார்த்தோம்.