பில்ஹணனும் சம்பாவதியும்: ஓர் ஓவிய ஏட்டின் அச்சுப் பிரதி

சௌரபஞ்சாசிகா என்னும் வடமொழிக் காதல் நூலின் ஓவிய ஏடுகளில் ஒன்றைக் கெட்டியான பருத்தித் தாளில் அச்சிட்டு விற்கும் ஓர் இணையக் கடையில் 1,800 ரூபாய்க்கு வாங்கி, இரண்டு மாதமாக என் மேசைக்கு எதிரே மாட்டி வைத்திருக்கிறேன். 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அசல் ஏடுகள் அகமதாபாதில், என்.சி. மேத்தா சேகரிப்பில் உள்ளன. இளவரசி சம்பாவதிக்குப் பாடம் சொல்லப்போய் அவளைக் காதலித்து, அதற்காகக் கொலைத் தண்டனை பெற்ற காஷ்மீரக் கவி பில்ஹணன் அவளை நினைந்து பாடிய 50 சுலோகங்கள் என்பது கதை. பாரதிதாசனின் ‘புரட்சிக்கவி’ இதைத் தழுவியதே என்பதால், நமக்கு உதாரனும் அமுதவல்லியும் உடனே நினைவுக்கு வருவார்கள்.

பிரதியில் முதலில் பாராட்ட வேண்டியது சிவப்பு. நிழலோ தொலைவோ காட்டாமல் காதலர்களுக்குப் பின்னால் ஒரே சிவப்பை ஓவியர் அப்பியிருக்கிறார். அது அச்சில் மங்கவும் இல்லை, பளபளக்கவும் இல்லை. பக்கவாட்டு முகமும், அதில் பாதியை அடைத்துக்கொள்ளும் பெரிய கண்ணும், சம்பாவதியின் கைகளில் தொங்கும் கருங்குஞ்சங்களும் கூர்மையாக வந்திருக்கின்றன. அவளுடைய மெல்லிய மேலாடையில்தான் அச்சு தடுமாறுகிறது. உடலை ஒட்டாமல் விறைத்து விலகி நிற்கும் அந்தத் துணி இருப்பதையே அதன் நுண்ணிய வெண்கோடுகள்தாம் சொல்ல வேண்டும். இங்கே அவை ஒன்றோடொன்று கலங்கிவிட்டன. இருந்தாலும் நான்கடி தள்ளி நின்று பார்ப்பவர்க்கு இது பெரிய குறையாகத் தெரியாது.

என்னால் ஏற்க முடியாதது வேறு. படச் சட்டத்துக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக, சுலோகம் எழுதப்பட்ட மேல்பகுதியை வெட்டிவிட்டார்கள். ஒவ்வொரு சுலோகமும் ‘அத்யாபி’, அதாவது ‘இன்றும்கூட’ என்றே தொடங்குகிறது. சாகப்போகிறவன் நினைவில் இன்றும்கூட இருப்பவள் அவள் என்பதை அந்தச் சொல்தான் சொல்கிறது. அது போனபின் மண்டபத்தில் இருக்கும் ஓர் ஆணும் பெண்ணுமாகப் படம் சுருங்கிவிடுகிறது. எழுதிக் கேட்டதற்குப் பணத்தைத் திருப்பித் தருவதாகக் கண்ணியமாகவே பதில் சொன்னார்கள், ஆனால் முழு ஏட்டின் அச்சு அவர்களிடம் இல்லை. அந்தச் சிவப்பை விட மனம் வராமல் வைத்துக்கொண்டேன். வாங்க நினைப்பவர்கள், பணம் கட்டுமுன் ஏட்டின் நான்கு விளிம்பும் தெரியும் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுங்கள்.