அஸ்டெரிஸ்க் ‘அப்கிரேட்’ என்று காசு கேட்டால் கவனம்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் மில், கடை, சங்கம் என்று அஸ்டெரிஸ்க் என்ற ரெலிபோன் இணைப்பு மென்பொருளில் போன் ஓட்டுகிற எல்லாருக்கும் இது. பரந்தனில் எங்கள் அரிசி மில்லுக்கு ஒரு நிறுவனம் அஸ்டெரிஸ்க்கில் ஓடுகிற பிபிஎக்ஸ் (உள் போன்களையும் வெளி அழைப்புகளையும் இணைக்கிற எக்ஸ்சேஞ்) பூட்டித் தந்தது. வருடா வருடம் அவர்களுடைய பில்லில் ‘சொஃப்ட்வெயார் லைசன்ஸ், வெர்ஷன் அப்கிரேட்’ என்று ஒரு வரி இருக்கும். நாங்களும் ஒழுங்காகக் கட்டிவந்தோம்.

அஸ்டெரிஸ்க் ஜிபிஎல் என்ற பொது உரிமத்தில் வருகிற திறந்த மென்பொருள். எங்களைப் போன்றவர்கள் பாவிக்க லைசன்ஸ் என்று ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. பூட்டுகிற கூலி, பராமரிக்கிற கூலி கேட்கட்டும், அது நியாயம். இல்லாத லைசன்ஸுக்குக் காசு வாங்குவது களவு.

சரி, அப்கிரேட்டாவது செய்தார்களா? 2024 தொடக்கத்தில் அக்காவின் மகன் சேர்வரில் அஸ்டெரிஸ்க்கின் பதிப்பு எண்ணைக் காட்டுகிற ‘கோர் ஷோ வெர்ஷன்’ (core show version) கட்டளையை அடித்துப் பார்த்தான். வந்தது 13. அது 2014 ஒக்டோபரில் வெளிவந்த பதிப்பு. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள்கூட 2021 ஒக்டோபரோடு நின்றுவிட்டன. அதற்குப் பிறகும் அந்த வரிக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

கேட்டதும், “அண்ணை, இண்டைக்கு இரவே ஆகப் புதுசைப் போட்டுவிடுறம்” என்றார்கள். தூர இருந்தே 21ஐப் போட்டார்கள். விடிந்தால் காலபோக நெல்லோடு லொறிகள் கேற்றில் வரிசை. தராசடிப் போன், ஸ்ரோர்ப் போன், கந்தோர்ப் போன் எல்லாவற்றிலும் ‘நோ சேர்விஸ்’. கொழும்பு வியாபாரிகளின் அழைப்பு ஒன்றும் உள்ளே வரவில்லை. திரும்ப அழைத்தபோது, “உங்கட போன்கள் பழசு, புதுசு வாங்கவேணும்” என்று விலைப்பட்டியல் அனுப்பினார்கள். எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது அந்த இடத்தில்தான்.

போன்களில் ஒரு பழுதும் இல்லை. எங்கள் இணைப்புகள் எல்லாம், போன்களை அஸ்டெரிஸ்க்கோடு இணைக்கிற ‘சான் சிப்’ (chan_sip) என்ற பழைய தொகுதியில் எழுதப்பட்டிருந்தன. அதைக் கைவிடப் போவதாக அஸ்டெரிஸ்க்கை ஆக்குகிறவர்கள் 17லேயே அறிவித்து, 21ல் அடியோடு எடுத்துவிட்டார்கள். அமைப்புகளை முதலில் அதற்குப் பதிலாக வந்த ‘பிஜேசிப்’புக்கு (PJSIP) மாற்றிவிட்டுத்தான் 21ஐப் போட வேண்டும். மாற்ற உதவுகிற ஸ்கிரிப்ட் அஸ்டெரிஸ்க்கோடு சேர்ந்தே வருகிறது. வேறொருவர் வந்து மாற்றிக் கொடுத்தார். அதே போன்கள்தான் இன்றும் அடிக்கின்றன.

அவர் 21ஐயும் கழற்றிவிட்டு 20ஐப் போட்டார். காரணம் ஆதரவுக் காலம். ஒவ்வொரு ஒக்டோபரிலும் ஒரு பெரிய பதிப்பு வரும். 16க்குப் பிறகு இரட்டை எண்கள் நீண்டகால ஆதரவு உள்ளவை: நான்கு வருடம் முழுத் திருத்தம், பிறகு ஒரு வருடம் பாதுகாப்புத் திருத்தம் மட்டும். ஒற்றை எண்களுக்கு இரண்டும் ஒவ்வொரு வருடம்தான். 18க்குத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் வரை, 20க்கு 2027, 22க்கு 2029. காசு கட்டமுதல் எந்த எண்ணைப் போடப் போகிறார்கள், ‘சான் சிப்’ இருந்தால் யார் மாற்றுவது என்று எழுத்தில் வாங்குங்கள். சேர்வரின் ரூட் (முழு அதிகாரக் கணக்கு) கடவுச்சொல்லும் அமைப்புக் கோப்புகளின் பிரதியும் உங்கள் கையில் இருக்கட்டும்.

கட்டிய லைசன்ஸ் காசை அந்த நிறுவனம் இன்னும் திருப்பித் தரவில்லை. உங்கள் பில்லிலும் இப்படி ஒரு வரி இருந்தால், அடுத்த தவணையைக் கட்டாமல் முதலில் வெர்ஷனைப் பாருங்கள்.