தேதியா, நட்சத்திரமா: கணக்குப் பார்க்க எந்தப் பிறந்தநாள்?

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் ஒருவருக்கு வருடத்தில் இரண்டு பிறந்தநாள். பள்ளிச் சான்றிதழில் இருக்கும் தேதி ஒன்று, சாதகத்தில் இருக்கும் தமிழ் மாதமும் நட்சத்திரமும் மற்றொன்று. எனக்கு ஆகஸ்ட் 3, ஆடி அனுஷம். போன வருடம் எப்படிப் போனது, வரும் வருடம் என்ன செய்வது என்று நோட்டை விரித்து உட்கார இவற்றில் எது நல்லது? இருபது வருடமாக இரண்டு நாளிலும் எழுதிப் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 1-ஐயும் சித்திரை 1-ஐயும் முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். அவை ஊருக்கெல்லாம் பொதுவான தொடக்கம். கடைக்குப் புதுக்கணக்கு எழுத அது போதும். என் வயது கூடுவது அன்றைக்கு இல்லையே!

ஆங்கிலத் தேதிக்கு ஒரு பலம் உண்டு: மறக்காது. வங்கி, பணி ஓய்வு எல்லாம் அதன்படிதான் நடக்கின்றன. பிறந்தநாள் மனத்தைத் தூண்டும் என்பதும் வெறும் பேச்சு இல்லை. கேத்ரின் மில்க்மனும் சக ஆய்வாளர்களும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் மாணவர்கள் தங்கள் பிறந்தநாளுக்குப் பிறகு உடற்பயிற்சிக் கூடத்துக்கு அதிகமாக வந்தது தெரிந்தது. விலக்கு 21-ஆம் பிறந்தநாள் மட்டும். அந்த நாட்டில் மது அருந்தச் சட்டம் அனுமதிக்கும் வயது அது. கொண்டாட்டம் பெரிதானால் யோசனைக்கு இடமில்லை என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன்.

என் ஆகஸ்ட் 3-ம் அப்படித்தான். காலை ஆறு மணிக்கே போன் அடிக்கத் தொடங்கும். மாலையில் கேக் வரும். வாழ்த்துகிறவர்களின் அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை, அது வேண்டும். ஆனால் அன்று இரவு பத்து மணிக்குமேல் எழுதியதையெல்லாம் இப்போது புரட்டினால் ‘உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்’, ‘கோபத்தைக் குறைக்க வேண்டும்’ என்றுதான் இருக்கிறது. களைத்த கை எழுதிய வரிகள்.

நட்சத்திரப் பிறந்தநாள் வேறு மாதிரி. சில வருடம் ஜூலைக் கடைசியிலேயே வந்துவிடும், சில வருடம் ஆகஸ்ட் பாதி வரை காக்க வைக்கும். காலண்டரைப் பார்த்துத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரே தமிழ் மாதத்தில் நட்சத்திரம் இரண்டு முறை வந்துவிட்டால் பெரியவர்களைக் கேட்க வேண்டும். இதைக் குறை என்பார்கள். எனக்கு அந்தத் தேடல்தான் பிடித்திருக்கிறது. ஒரு வாரம் முன்பிருந்தே மனம் அந்த நாளுக்குத் தயாராகிவிடும். அன்று யாரும் அழைப்பதில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, திருப்பத்தூர் பஸ் ஏறி வைரவன்பட்டிக்குப் போவேன். நகரத்தார் என்கிற எங்கள் சமூகம் ஒன்பது கோயில்களாகப் பிரிந்தது, அதில் எங்களுடையது அது. குருக்கள் பேரும் நட்சத்திரமும் கேட்பார். வருடம் முழுக்கச் சொல்கிற அதே ‘அனுஷம்’ அன்று மட்டும் தொண்டையில் சற்றுத் தங்கிவிட்டுத்தான் வெளியே வரும்.

திரும்பி வந்து வீட்டின் இரண்டாம் கட்டில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் குளிர்ச்சியில் உட்கார்ந்து எழுதுவேன். எழுதும் முறை என் ஐயாவுடையது, தாத்தாவை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். மலாயாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனவர் அவர். அவருடைய பேரேடு ஒன்று பெட்டகத்தில் இருக்கிறது. மேலே ‘உ’, அடுத்து ‘சிவமயம்’, அதன்பின் முன் இருப்பு, வரவு, பற்று. ‘ஐந்தொகை போடாமல் புதுப் பேரேட்டைத் தொடாதே அப்பச்சி’ என்று என் தலையைத் தடவிச் சொல்வார். ஐந்தொகை என்றால் வரவு, பற்று, இருப்பையெல்லாம் கூட்டிப் பழைய கணக்கை முடிப்பது; ‘அப்பச்சி’ என்றது செல்லமாக என்னை. அதனால் நான் தீர்மானத்தை முதலில் எழுதுவதில்லை. யார் எனக்கு என்ன செய்தார்கள், நான் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறேன் என்பதுதான் முதல் பக்கம். போன முறை பற்றுப் பக்கத்தில் ஒரே ஒரு பெயர் மூன்று இடத்தில் வந்தது. என் தம்பி. மறுநாளே அவன் வீட்டுக்குப் போனேன்.

அதற்குப் பிறகுதான் தீர்மானம். அதுவும் ஒன்று, எண்ணோடும் இடத்தோடும். ‘காலை 6 மணிக்கு ஊருணியை இரண்டு சுற்று.’ அதைப் பிடித்து நிறுத்தப் பிள்ளையார் நோன்பிலிருந்து ஒரு வழி எடுத்துக்கொண்டேன். கார்த்திகை தீபத்திலிருந்து 21 நாள், நாளுக்கு ஒன்றாகக் கோடி வேட்டியின், அதாவது புது வேட்டியின், நூலிழையைச் சேர்த்து, கடைசி நாளில் அந்தத் திரியை மாவில் வைத்து ஏற்றி உண்ணும் ‘இழை எடுப்பது’ எங்கள் வழக்கம். அதுபோல எழுதிய மறுநாளிலிருந்து நோட்டின் ஓரத்தில் நாளுக்கு ஒரு கோடு போடுவேன். 21 கோடு விழுந்த வருடங்களில் நடை நின்றதில்லை.

சிலர் இதையெல்லாம் அறுபதுக்குத் தள்ளிப்போடுகிறார்கள். பிறந்த வருடத்தின் பெயர் 60 வருடச் சுற்றில் திரும்பி வருவதால் சாந்திக்கு, அதாவது அறுபதாம் கல்யாணத்துக்கு, உள்ள பெருமை எனக்கும் தெரியும். 1965-ல் வந்த விசுவாவசு 2025-ல்தான் திரும்பியது. ஆனால் சாந்தி வீட்டில் சாந்திக்காரர் தனியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பந்தி, மாலை, நமஸ்காரம் என்று பொழுது போய்விடும்.

என் தேர்வு நட்சத்திரம்தான். தேதியும் நட்சத்திரமும் ஏறக்குறைய 19 வருடத்துக்கு ஒருமுறை ஒன்றாக வந்து சேரும். எனக்கு 38-ஆம் வயதில் இரண்டும் ஒரே நாளில் வந்தன. வீடு நிறையக் கூட்டம், வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கேக். அந்த வருடத்துப் பக்கத்தில் ‘உ’ மட்டும் இருக்கிறது, கீழே வெறும் தாள். அடுத்தது 57-ல் வரும். அந்த முறை ஆடி கேட்டையன்று, மறுநாளே, நோட்டோடு உட்கார்ந்துவிடுவதாக ஆச்சியிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.