மெல்பர்னில் ஒரு டீமேக்ஸ்: வேலைக்கும் வீட்டுக்கும் ஒரே வண்டி

ஆஸ்திரேலியாவில் டூயல் கேப் யூட் (இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் சுமைத் தொட்டியும் உள்ள பிக்கப் வண்டி) வாங்கப் போகிறேன் என்று வாயைத் திறந்தாலே, "எத்தனை டன் இழுக்கும்?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இன்று விற்பனையில் இருக்கும் ரேஞ்சர், ஹைலக்ஸ், டீமேக்ஸ், பிடி-50, ட்ரைட்டன், அமராக் எல்லாவற்றுக்கும் பதில் ஒன்றுதான்: 3.5 டன். எல்லோரும் முதல் மார்க் வாங்கும் பாடத்தை வைத்து யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது. வாரத்தில் எந்த நாள் வண்டியில் என்ன இருக்கும், யார் இருப்பார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தேர்வு பாதி முடிந்துவிடும்.

என் தாளில் இருந்தது இது. தொழில் எலக்ட்ரிஷியன், மெல்பர்னின் தென்கிழக்குப் புறநகர்களில் வேலை. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு சைட்டுக்குப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை காரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில். பள்ளி விடுமுறையில் கேம்பர் டிரெய்லரை (விரித்தால் கூடாரமாகும் இழுவண்டி) இழுத்துக்கொண்டு மேன்ஸ்ஃபீல்ட் பக்கம் மலைக்கு. வீட்டில் இன்னொரு சிறிய கார் உண்டு. ஆனால் மேற்சொன்ன எல்லாவற்றையும் ஒரே வண்டி செய்தாக வேண்டும். 2022 தொடக்கத்தில் இசுசு டீமேக்ஸ் எல்.எஸ்-யூ எடுத்தேன். 3 லிட்டர் டீசல், ஆட்டோமேட்டிக், ஃபோர் வீல் டிரைவ். ஓடோமீட்டர் 80,000 கி.மீ. தாண்டிவிட்டது.

இந்த 'எல்லாவற்றுக்கும் ஒரே வண்டி' ஆசை புதிதல்ல. 1930களில் விக்டோரியாவைச் சேர்ந்த ஒரு விவசாயியின் மனைவி ஃபோர்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினாராம்: ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு நனையாமல் போக வேண்டும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிப் போக வேண்டும், அப்படி ஒரு வண்டி செய்யுங்கள் என்று. கீலாங்கில் லூ பேண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் வரைந்து, 1934-ல் வந்ததுதான் யூட். கோயிலுக்குப் போகும்போது அந்த அம்மாவை நினைத்துக்கொள்வேன். ஃபோர்டு 2016-லும் ஹோல்டன் 2017-லும் இங்கே தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். இப்போது நாம் ஓட்டும் யூட்களில் பெரும்பகுதி தாய்லாந்தில் தயாராகி வருகிறது. என்னுடையதும் அப்படித்தான்.

சரி, அந்த 3.5 டன்னுக்குத் திரும்புவோம். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஷோரூமில் யாரும் அதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள். வண்டியும் அதன் சுமையும் சேர்ந்து எவ்வளவு எடை இருக்கலாம் என்பது ஜி.வி.எம். என் மாடலுக்கு 3,100 கிலோ. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்பது ஜி.சி.எம். அது 5,950 கிலோ. டிரெய்லரே 3,500 கிலோ என்றால் வண்டிக்கு மிச்சம் 2,450 கிலோதான். காலி வண்டியே ஏறக்குறைய 2,100 கிலோ. ஆக, ஆட்கள், பெட்டிகள், புல்பார் (முன்னால் மாட்டும் இரும்புக் காப்பு), கேனப்பி (தொட்டியை மூடும் கூண்டு) எல்லாவற்றுக்குமாக 350 கிலோ. நான்கு பேர் ஏறி, இரும்பு புல்பார் மாட்டி, பின்னால் டிராயர் வைத்தால் முடிந்தது கதை. தண்ணீர் கேனை யார் மடியில் வைத்துக்கொள்வது? ஏறக்குறைய எல்லா டூயல் கேப்களிலும் இதே இழுபறிதான், எண்கள் மட்டும் கொஞ்சம் மாறும். பெரிய கேரவான் இழுக்கப் போகிறவர்கள் ஜி.சி.எம். எண்ணைத்தான் முதலில் கேட்க வேண்டும். என் கேம்பர் நிறைய ஏற்றினாலும் ஒன்றரை டன்னைச் சுற்றித்தான் வரும். அதனால் 3.5 டன் எனக்குத் தேவையே இல்லை.

எனக்குத் தேவைப்பட்டது பேலோடு, அதாவது வண்டி தன்மேல் சுமக்கக்கூடிய எடை. புரோஷரில் ஒரு டன்னை நெருங்கி எழுதியிருப்பார்கள். அதிலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள்: கேனப்பி, டிராயர், டோ பார் (டிரெய்லர் மாட்டும் சட்டம்), ரூஃப் ராக். இவை மட்டும் சேர்ந்து 200 கிலோவைத் தாண்டிவிடும். அப்புறம் ஓட்டுநர், உதவியாள், கேபிள் சுருள்கள், ஏணி, கருவிப் பெட்டிகள். நான் எல்லாவற்றையும் மாட்டிய பிறகு பொது எடைப் பாலத்தில் ஏற்றிப் பார்த்தேன். வாங்கும் எல்லோரும் இதைச் செய்யலாம், அதிகச் செலவில்லை. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் துருவுவது இதைத்தான்.

வெறும் வண்டியாக ஓட்டும்போது பின்பக்கம் துள்ளும். லீஃப் ஸ்பிரிங் (அடுக்கிய இரும்புப் பட்டைகள்) வைத்த எந்த யூட்டுக்கும் இது பிறவிக்குணம். ஒரு டன் சுமக்கச் செய்த ஸ்பிரிங், ஒருவர் மட்டும் ஏறினால் எப்படி வளையும்? டெஸ்ட் டிரைவில் காலி வண்டியைத்தான் தருவார்கள், ஆகவே அங்கே ஏமாற்றமாக இருக்கும். என் விஷயத்தில் வார நாட்களில் 250 கிலோவாவது பின்னால் இருப்பதால் வண்டி அடங்கிப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை கருவிகளை இறக்கிவிட்டால் மோனாஷ் ஃப்ரீவேயின் ஒவ்வொரு இணைப்பும் முதுகுக்குத் தெரியும். சுமைக்கு ஏற்ப டயர் காற்றை மாற்றிக்கொள்வது சஸ்பென்ஷன் மாற்றுவதைவிட மலிவான வைத்தியம்.

பின் தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொழில் செய்கிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான். ஆஸ்திரேலியத் தரப் பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) 1,165 மி.மீ. சதுரம். டீமேக்ஸின் சக்கர வளைவுகளுக்கு நடுவே இருப்பது 1,120 மி.மீ. அளவு. உட்காராது. 2022 நடுவில் வந்த புதிய ரேஞ்சரை அகலப்படுத்திப் பேலட் உட்காரும்படி செய்துவிட்டார்கள், அதே அடித்தளத்தில் வந்த அமராக்கிலும் உட்காரும். நீங்கள் டைல்ஸ், சிமென்ட் மூட்டை ஏற்றுகிறவர் என்றால் இந்த ஒரே காரணத்துக்காக அந்தப் பக்கம் போகலாம், அல்லது தொட்டியே வேண்டாம் என்று தட்டையான அலுமினியம் ட்ரே போட்டுக்கொள்ளலாம். எனக்குப் பேலட் வேலை இல்லை. ஆனால் மின்கம்பி நுழைக்கும் கான்ட்யூட் குழாய்கள் 4 மீட்டர் நீளம். எந்த டூயல் கேப்பிலும் அவை உள்ளே போகாது, கூரைமேல்தான். கூரையில் ராக்கும் ஏணியும் ஏறியதும் ஷாப்பிங் சென்டர் கார் பார்க்கின் உயரப் பலகையைப் படிக்கப் பழகிவிட வேண்டும்.

தொட்டியை மூடும் விஷயத்தில் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். மெல்பர்னில் கருவித் திருட்டு எவ்வளவு என்று தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். துணி மூடியைக் கத்தியால் கிழிக்க ஒரு நிமிடம் போதும். நான் முதலில் போட்ட ஃபைபர் கேனப்பியின் ரப்பர் சீல் முதல் குளிர்காலத்திலேயே விட்டுவிட்டது. மழையில் தண்ணீர், மண் சாலையில் தூசி, டிரில் பேட்டரிகள்மேல் மாவு போல. செய்தவர் இரண்டு முறை சிலிக்கான் அடித்துக் கொடுத்தார், பிறகு தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார். இப்போது இருப்பது பக்கவாட்டில் திறக்கும் அலுமினியப் பெட்டி. விலை கூடுதல்தான், ஆனால் பின்னால் தவழ்ந்து போய்க் கருவி எடுக்க வேண்டியதில்லை. முழங்காலுக்கு நல்லது.

பின் இருக்கை பற்றி விமர்சனங்களில் ஒரு வரி எழுதிவிட்டுப் போவார்கள். பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கு அது ஒரு வரி விஷயம் இல்லை. யூட்களில் சைல்டு சீட்டின் மேல் பட்டையைக் காரில் மாட்டுவது போல மாட்ட முடியாது. ஹெட்ரெஸ்ட்டுக்குப் பின்னால் இருக்கும் துணி வளையத்துக்குள் நுழைத்து, வேறோர் இடத்தில் கொக்கியைப் போட வேண்டும். இரண்டு சீட்டை மாட்டி முடிப்பதற்குள் பொறுமை போய்விடும். வாங்கும் முன் உங்கள் சீட்டையே ஷோரூமுக்குத் தூக்கிப் போய் மாட்டிப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். அம்மா இங்கே வந்திருந்த மாதங்களில் சேலை கட்டிக்கொண்டு ஏற வேண்டியிருந்தது. சைடு ஸ்டெப்பும் தூணில் கைப்பிடியும் இல்லையென்றால் முடியாது. "என்னடா, லாரியில கூட்டிட்டுப் போற?" என்பார். ஏறி உட்கார்ந்த பிறகு, உயரத்திலிருந்து எல்லாம் தெரிகிறதே என்று முன் இருக்கையை விட்டுக்கொடுக்கவே மாட்டார்.

பாதுகாப்பு விஷயத்தில் எனக்குப் பெரிய தயக்கம் இருக்கவில்லை. 2020-ல் கடுமையாக்கப்பட்ட ஏன்கேப் (புதிய வண்டிகளின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் தரும் அமைப்பு) சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் யூட் இந்தத் தலைமுறை டீமேக்ஸ்தான். முன்னால் இருவர் மோதிக்கொள்ளாமல் நடுவில் விரியும் ஏர்பேக்கும் இருக்கிறது. இப்போதைய யூட்கள் பெரும்பாலானவற்றில் இருக்கும் லேன் கோடு எச்சரிக்கைகள் நெடுஞ்சாலையில் உதவி. கோடு அழிந்த கிராமச் சாலையில் தொணதொணப்பு. எந்த வண்டி பார்த்தாலும் அதை அணைக்க எத்தனை பொத்தான் அழுத்த வேண்டும் என்று டெஸ்ட் டிரைவிலேயே எண்ணிவிடுங்கள்.

எஞ்சின் 140 கிலோவாட், 450 நியூட்டன் மீட்டர். தாளில் பார்த்தால் ஹைலக்ஸின் 2.8 லிட்டர் எஞ்சினும் ரேஞ்சரின் பை-டர்போவும் 500 காட்டும். ரேஞ்சரின் வி6 600. மச்சான் வைத்திருப்பது அந்த வி6. கேம்பரை மாட்டிக்கொண்டு மலை ஏறும்போது அவர் பேசிக்கொண்டே ஏறுவார். என் வண்டி சத்தமாக ஏறும், ஆனால் ஏறிவிடும். இந்த 3 லிட்டர் பெரிய உடம்பும் குறைந்த அவசரமும் கொண்ட எஞ்சின். இசுசு ஆட்களுக்கு லாரிப் பழக்கம். நிறுவனம் சொல்லும் டீசல் கணக்கு 100 கி.மீ.க்கு 8 லிட்டர். கூரையில் ஏணியோடு ஊருக்குள் எனக்கு 10-ஐ ஒட்டி வருகிறது, ஹியூம் நெடுஞ்சாலையில் சீராகப் போனால் எட்டரை, கேம்பரோடு 13, எதிர்காற்றில் அதற்கும் மேல். 76 லிட்டர் டாங்க் என்பதால் நீண்ட பயணத்தில் கவலை இல்லை.

டீசல் எடுக்கிறவர்கள் டி.பி.எஃப். பற்றித் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும். புகைக்கரியைப் பிடித்து வைத்து, சூடேறியதும் எரித்துவிடும் வடிகட்டி அது. எரிக்க வேண்டுமானால் வண்டி கொஞ்ச நேரமாவது நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓட வேண்டும். பள்ளி, கடை, வீடு என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டம் மட்டுமே என்றால் எந்த நிறுவனத்தின் டீசல் யூட்டும் அடைத்துக்கொள்ளும். எனக்கு ஃப்ரீவே ஓட்டம் தினமும் உண்டு, அதனால் தொந்தரவு இல்லை. சர்வீஸ் ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 15,000 கி.மீ. வாரண்டி 6 ஆண்டு அல்லது 1,50,000 கி.மீ., எது முதலில் வருகிறதோ அது. கிலோமீட்டர் அதிகம் ஓட்டும் தொழில்காரர்கள் இரண்டாவது எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

மண்ணிலும் மலையிலும் குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. 240 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ், மெதுவாக ஆனால் பலமாக ஏற லோ ரேஞ்ச் கியர், பின்சக்கரம் இரண்டையும் சேர்ந்தே சுழல வைக்கும் டிஃப் லாக். ஜேமிசன், லிகோலா சுற்று வட்டாரப் பாதைகளுக்குத் தாராளம். அந்தப் பாதைகளில் பல ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரை மூடியிருக்கும், வண்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கேட் திறக்காது. கடற்கரை மணலுக்கு எல்லை தாண்டி தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் வரை போக வேண்டும். டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கிவிட்டால் அங்கேயும் சிக்கல் இல்லை. ஒரு வேறுபாடு மட்டும் கவனியுங்கள். டீமேக்ஸில் நான்கு சக்கர இயக்கத்தைத் தார்ச் சாலையில் போடக் கூடாது. ட்ரைட்டனின் சூப்பர் செலக்ட் என்ற நான்கு சக்கர அமைப்பிலும் வி6 ரேஞ்சரிலும் போடலாம். காலி வண்டியோடு மெல்பர்ன் மழையில் ரவுண்டபவுட் திரும்பும்போது பின்சக்கரம் லேசாக நழுவும் அந்த நொடியில், ட்ரைட்டன்காரர்மேல் எனக்குப் பொறாமை வரும்.

நகரத்துக்குள் 5.3 மீட்டர் நீளத்தையும் 12.5 மீட்டர் திரும்பு வட்டத்தையும் பழகிக்கொள்ளலாம், ரசிக்க முடியாது. வழக்கமான பார்க்கிங் கட்டம் 5.4 மீட்டர். டோ பார் மாட்டினால் மூக்கோ வாலோ வெளியே நிற்கும்.

இன்று திரும்ப வாங்குவதானால்? வாரம் முழுக்கச் சுமை, அவ்வப்போது மலை, பத்து வருடம் வைத்துக்கொள்ளும் எண்ணம் என்றால் மறுபடியும் டீமேக்ஸ், அல்லது உள்ளே அதே எஞ்சினும் வெளியே வேறு முகமும் உள்ள மாஸ்டா பிடி-50. இரண்டில் எந்த டீலர் நல்ல விலை தருகிறாரோ அது. பேலட் ஏற்றுபவர், அல்லது இரண்டரை டன்னுக்கு மேல் அடிக்கடி இழுப்பவர், வி6 ரேஞ்சருக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். குடும்ப ஓட்டமே அதிகம், தொட்டியில் சைக்கிள்தான் என்றால் 2024-ல் வந்த ட்ரைட்டன். கணக்கரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒரு டன் அல்லது அதற்கு மேல் சுமக்கும்படி வடிவமைத்த வண்டியை வரி அலுவலகம் 'கார்' என்று கருதுவதில்லை, தேய்மானக் கணக்கு அதனால் மாறும். ஒரே மாடலின் இரண்டு கிரேடுகள் அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் விழலாம்.

பி.ஒய்.டி. என்ற சீன நிறுவனத்தின் ஷார்க் 6 யூட் பற்றி நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பிளக் இன் ஹைப்ரிட் (மின்சாரத்தில் சார்ஜ் செய்யலாம், எஞ்சினும் உண்டு), 321 கிலோவாட், என் வண்டியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சைட்டில் மின்சாரம் வராத நாளில் தொட்டியில் இருக்கும் பிளக்கிலேயே டிராப் சாவை (வெட்டும் மின்ரம்பம்) ஓட்டலாம், என் தொழிலுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் பேலோடு 790 கிலோ, இழுவை 2.5 டன், லோ ரேஞ்ச் கியர் இல்லை. என் கேம்பருக்கு அந்த 2.5 டன் தாராளம். 790-இல் என் அலுமினியப் பெட்டியையும் கருவிகளையும் கழித்தால் பின் இருக்கையில் யாரை ஏற்றுவது என்பதுதான் கணக்கு இடிக்கும் இடம். பேலோடைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு வந்தால் போய் ஓட்டிப் பார்ப்பேன், கருவிகளையும் ஏற்றிக்கொண்டுதான்.